மரியா காலஸ் குரல் எதனால் போனது? நாடாப்புழுவா, நாட்காட்டியா?

வாசகர் கேள்வி, 06-01-2024

ஓபரா (ஐரோப்பிய இசை நாடகம்) பாடகி மரியா காலஸ் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். உடம்பைக் குறைக்க நாடாப்புழு முட்டையை விழுங்கினாராம், 30 கிலோ இறங்கியதும் குரல் போய்விட்டதாம், காதலர் ஒனாசிஸ் (கிரேக்கக் கப்பல் முதலாளி) கைவிட்டதும் மேடையையே விட்டுவிட்டாராம். இவ்வளவுதானா அவர் கதை? கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காது என்னுடையது. ஓபரா புதிது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

06-01-2024, இரவு

மூன்றாவதை முதலில் முடித்துவிடுவோம். காலஸ் கடைசியாக ஓபரா மேடையில் பாடியது 1965 ஜூலை 5, லண்டன் கோவன்ட் கார்டனில், டோஸ்கா. ஒனாசிஸ் ஜாக்குலின் கென்னடியைக் கல்யாணம் செய்துகொண்டது 1968 அக்டோபர் 20. மூன்று வருஷம் கழித்து நடந்தது எப்படிக் காரணமாகும்?

எடைக்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. குரலைத் தின்றது வேலை. தேதி வாரியாக நாளை எழுதுகிறேன்.

07-01-2024

1923 டிசம்பர் 2, நியூயார்க்கில் பிறப்பு. பெற்றோர் கிரேக்கர்கள். 1937-ல் தாயோடு ஏதென்ஸ் போகிறார். அங்கே எல்விரா தெ ஹிதால்கோ என்ற ஸ்பானிய சொப்ரானோவிடம் (மிக உயர்ந்த பெண் குரல்) பாடம். ஹிதால்கோ பிருகாக் (வேகமாக ஓடும் சுரங்கள்) குரல்காரர், கோலரத்தூரா என்பார்கள். தன் பாடம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், காலையிலிருந்து ராத்திரி வரை வகுப்பிலேயே உட்கார்ந்து மற்ற மாணவர்களின் பாடங்களையும் கேட்பாராம் காலஸ். உயர்ந்த ஆண் குரலான டெனர் பாடமும் தாழ்ந்த ஆண் குரலான பாஸ் பாடமும்கூட. ஒரு ஓபராவில் தன் பகுதியை மட்டும் தெரிந்துகொண்டு நிற்கிற பழக்கம் அவருக்கு வராமல் போனது இதனால்தான்.

ஆனால் அந்த ஏதென்ஸ் மேடையில் அவருக்குக் கிடைத்த வேஷங்களைப் பாருங்கள். 18 வயதில் டோஸ்கா (1942). 20 வயதில், ஹெரோடெஸ் அட்டிகஸ் திறந்தவெளி அரங்கில் பீத்தோவனின் ஃபிடேலியோ (1944). இரண்டுமே முப்பது வயதுக்கு மேல் தொட வேண்டிய பாத்திரங்கள் என்பது என் கருத்து. மைக் கிடையாது, வாத்தியக் குழு முழுசு, ஊரில் போர்க்காலப் பஞ்சம்.

இத்தாலியில் முதல் மேடை 1947 ஆகஸ்ட் 2, வெரோனா அரங்கம், லா ஜோகோண்டா. நடத்துநர் (வாத்தியக் குழுவைக் கோலால் நடத்துபவர்) துல்லியோ செராஃபின். அடுத்த சில வருஷங்கள் காலஸை வளர்த்தவர் இந்தச் செராஃபின்தான். டுராண்டோட், ஐடா, இத்தாலிய மொழியில் இஸோல்டே எல்லாம் வரிசையாக வந்தன. எல்லாமே கனத்த வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்க வேண்டிய பாட்டுகள்.

1949 ஜனவரி, வெனிஸ். 8-ம் தேதி முதல் வாக்னரின் வால்கியூரில் பிரூன்ஹில்டே. அதே கொட்டகையில் பெல்லினியின் ஐ பியூரித்தானியில் எல்விராவாகப் பாட வேண்டிய மார்கெரிட்டா கரோசியோ காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு ஆள் இல்லை. ஆறே நாளில் எல்விராவைப் படித்துக்கொண்டு 19-ம் தேதி காலஸ் பாடினார். பிரூன்ஹில்டே போர்க்களத்துக் கூவல், இடி மாதிரி விழவேண்டும். எல்விரா பட்டு நூல், பக்கம் பக்கமாகப் பிருகா. ஒரே தொண்டை, ஒரே மாதம். வயது 25. இத்தாலி முழுக்க அவர் பெயர் தெரிந்தது அன்றைக்குத்தான். அதற்கான வட்டி ஏறத் தொடங்கியதும் அன்றைக்குத்தான் என்பது என் எண்ணம்.

அந்த வருஷத்தையே முடித்துவிடுகிறேன். ரோமில் பார்சிஃபால். புவெனஸ் ஐரிஸில் டுராண்டோட், நார்மா, ஐடா. டிசம்பரில் நேப்பிள்ஸில் நபுக்கோவின் அபிகாயில்லே. இந்த அபிகாயில்லே பாத்திரம் குரலைச் சுழற்றி எறிகிற ஒன்று. கீழ் ஸ்தாயியில் அடித்தொண்டையில் இருக்கும்போதே இரண்டு ஸ்தாயி மேலே பாய வேண்டும், இறங்கவும் வேண்டும். மூன்றே தடவை பாடினார், அப்புறம் மேடையில் அதைத் தொடவே இல்லை. மேடையில் டுராண்டோட்டும் அந்த வருஷத்தோடு சரி. ஆபத்து அவருக்குத் தெரிந்திருந்தது.

08-01-2024

எடை விவரம் கேட்டிருந்தார் ஒருவர். எந்த ஓபரா பாடியபோது எவ்வளவு எடை என்று காலஸ் எழுதிவைத்த சீட்டு ஒன்று உண்டு. அவர் கணவர் மெனெகினி வெளியிட்டது. ஜோகோண்டா 92 கிலோ. ஐடா 87. நார்மா 80. மீடியா 78. லூச்சியா 75. ஆல்செஸ்தே 65. டான் கார்லோ 64. ஜோகோண்டா 1952 டிசம்பர், டான் கார்லோ 1954 ஏப்ரல். 16 மாதத்தில் 28 கிலோ. அதற்குப் பிறகும் இறங்கியது.

ஏன் குறைத்தார்? பின்னாளில் பேட்டியில் அவரே சொன்ன காரணம் அழகு அல்ல. மீடியா பாடும்போது குரூரமான வரிகளுக்குத் தாடையும் மோவாயும் எடுப்பாகத் தெரிய வேண்டும், முகத்துச் சதை அதை மறைத்தது என்றார். தொழில் காரணம்.

சாப்பாட்டைக் குறைத்தார், கீரையும் கோழியுமாக. நாடாப்புழு வயிற்றில் இருந்து வைத்தியம் பார்த்ததாகப் பேச்சு உண்டு. புழு இருந்ததும், புழுவை வேண்டுமென்றே விழுங்கியதும் ஒன்றல்ல. கூத்து என்னவென்றால், ரோமில் ஒரு பாஸ்தா கம்பெனி, எங்கள் பாஸ்தாவைத் தின்றுதான் காலஸ் இளைத்தார் என்று விளம்பரம் போட்டது. காலஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார்.

இப்போது தேதியை வைத்துப் பாருங்கள். 1953 டிசம்பர் மிலானின் லா ஸ்காலா கொட்டகையில் பெர்ன்ஸ்டைன் நடத்திய மீடியா, 1954 ஜனவரி கராயன் நடத்திய லூச்சியா, ஏப்ரல்-மே நார்மா ஒலிப்பதிவு. மூன்றும் எடை சரிந்துகொண்டிருந்த மாதங்கள். இளைத்து முடித்த பிறகு வந்தது 1955. மே மாதம் விஸ்கோன்டி இயக்க, ஜூலினி நடத்திய லா திராவியாட்டா. செப்டம்பரில் பெர்லினில் லூச்சியா. கூட்டம் விடவில்லை, அறுவர் பாடும் பகுதியைத் திரும்பப் பாடினார்கள். டிசம்பரில் நார்மா. அவர் வாழ்க்கையின் உச்சம் இந்த ஒரு வருஷம் என்று அடித்துச் சொல்வேன். இளைத்ததால் குரல் போயிருந்தால் 1955 எப்படி வந்தது?

09-01-2024

நேற்று இரவு வந்த மறுப்பு நியாயமானது: "அப்படியானால் 1954 ஆகஸ்டில் பதிவான லா ஃபோர்சா தெல் தெஸ்தினோவில் மேல் சுரங்கள் ஆடுகிறதே, அது என்ன?"

ஆடுகிறது. மறைக்க முடியாது. எடைக்குச் சம்பந்தமே இல்லை என்று முதல் நாள் ஒரேயடியாக எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன்.

அந்தப் பதிவின் தயாரிப்பாளர் வால்டர் லெக் எழுதிவைத்த ஒரு காட்சி இதற்கு நல்ல சாட்சி. மிலானில் லா ஸ்காலாவை ஒட்டிய ஓட்டலில் லெக்கின் மனைவி, சொப்ரானோ எலிசபெத் ஸ்வார்ட்ஸ்கோப்ஃப் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். காலஸ் நேராக வந்து, மேல் ஸ்தாயி சுரத்தை ஆடாமல் எப்படிப் பிடிக்கிறாய், காட்டு என்கிறார். காலஸ் முழுக் குரலில் பாட, ஸ்வார்ட்ஸ்கோப்ஃப் அவர் விலா, தாடை, தொண்டை, உதரவிதானம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறார். பிறகு ஸ்வார்ட்ஸ்கோப்ஃப் பாட, காலஸ் தொட்டுப் பார்க்கிறார். பரிமாறுகிறவர்கள் தட்டோடு நின்றுவிட்டார்கள். உலகத்தின் உச்சியில் இருக்கிற பாடகி, இன்னொரு பாடகியிடம் சாப்பாட்டு மேசையில் பாடம் கேட்கிறார். காலஸை இந்த ஒரு காட்சியிலேயே புரிந்துகொள்ளலாம்.

எடை எந்த வழியாகக் குரலைத் தொடும்? மூச்சைப் பிடித்து அளந்து விடுவது கொழுப்பு அல்ல; விலாத் தசை, வயிற்றுத் தசை, முதுகுத் தசை. வேகமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் கொஞ்சம் போகும். 90 கிலோ உடம்பில் பத்து வருஷம் பழகிய பிடி 60 கிலோ உடம்பில் அப்படியே நிற்காது, புதிதாகப் பழக வேண்டும். அதற்கு ஓய்வு வேண்டும். காலஸ் ஓய்வு எடுக்கவில்லை. 1953-ல் மேடை போக ஐந்து முழு ஓபரா ஒலிப்பதிவு: லூச்சியா, பியூரித்தானி, கவலேரியா, டோஸ்கா, திராவியாட்டா. 1954-ல் நான்கு: நார்மா, பாலியாச்சி, ஃபோர்சா, இல் துர்க்கோ. கொட்டகை மூடியிருக்கிற கோடையிலும் ஸ்டூடியோ.

ஆக, இளைத்தது ஒரு காரணமாக இருக்கலாம். இளைத்தபோது நிற்காமல் பாடியது அதைவிடப் பெரிய காரணம்.

11-01-2024

"ஆட்டம் என்கிறீர்களே, கமகம் மாதிரியா?"

இல்லை. கமகம் நாமாகக் கொடுப்பது. ஓபராக் குரலில் நீட்டிப் பிடிக்கிற சுரத்தில் தானாக ஒரு அதிர்வு இருக்கும், விப்ராட்டோ. ஆரோக்கியமான குரலில் நொடிக்கு ஐந்தரையிலிருந்து ஆறரை அலை. சுருதியிலிருந்து மேலும் கீழும் அரை சுரத்துக்குள்தான் போகும். காது அதை அலையாகக் கேட்காது, ஒரே சுரத்தின் செழுமையாகக் கேட்கும். நொடிக்கு ஐந்துக்குக் கீழே இறங்கி, அகலமும் கூடிவிட்டால் ஒவ்வொரு அலையும் தனித்தனியே கேட்கும். அதுதான் ஆட்டம்.

எண்ணிப் பார்க்கலாம். நீண்ட மேல் சுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், குறைந்தது மூன்றரை நொடி. பாட்டு ஒலிக்கும் செயலியில் வேகத்தைப் பாதியாக்குங்கள். விரலால் மேசையில் தட்டிக்கொண்டே ஆறு நொடி எண்ணுங்கள். வந்த எண்ணை மூன்றால் வகுத்தால் அசல் வேகத்தில் நொடிக்கு எத்தனை என்று வரும். 18 வந்தால் ஆறு, நல்ல குரல். 13, 14 வந்தால் ஆட்டம். சுரத்தின் முதல் அரை நொடியை விட்டுவிடுங்கள்; பிடிக்கும்போது எல்லாக் குரலும் தடுமாறும்.

காலஸின் ஆட்டம் எல்லா இடத்திலும் இல்லை என்பதையும் கவனியுங்கள். மேல் ஸ்தாயியில், உரக்க, நீட்டிப் பிடிக்கும்போது மட்டும். அதே சுரத்தை ஓடுகிற பிருகாவில் தொட்டால் பளிச்சென்று நிற்கும். மெல்லப் பாடினாலும் பெரும்பாலும் நிற்கும். குரல்நாண் கெட்டிருந்தால் மென்மையான சுரம்தான் முதலில் போகும். அதனால் கோளாறு குரல்நாணில் அல்ல, காற்று அழுத்தத்தைத் தாங்குகிற பிடியில் என்று நினைக்கிறேன்.

12-01-2024

எதைக் கேட்பது என்று முதல் கேள்விக்காரர் மறுபடி நினைவூட்டினார். ஜோடி ஜோடியாகக் கேளுங்கள். ஒரே ஓபரா, ஒரே நடத்துநர், நடுவில் சில வருஷம்.

நார்மா: 1954, 1960. இரண்டும் செராஃபின்.
லூச்சியா: 1953, 1959. இரண்டும் செராஃபின்.
ஜோகோண்டா: 1952, 1959. இரண்டும் வோட்டோ.

முதல் இரண்டு ஜோடியிலும் மேல் சுரம் தேய்ந்திருப்பது சட்டென்று பிடிபடும். நார்மா 1960-ல் நடு ஸ்தாயியும் வசனம் போன்ற பகுதிகளும் 1954-ஐ விட ஆழம். ஜோகோண்டாவில் நான்காம் அங்கம் 1959-ல் தான் மேல். கணவரைப் பிரிந்த சில நாட்களில் பதிவானது.

டோஸ்காவுக்கு 1953, தெ சபாத்தா நடத்தியது. ஒரே ஒரு இசைத்தட்டு வாங்குகிறவர்கள் இதை வாங்கட்டும்.

12-01-2024, சற்றுப் பிறகு

நார்மாவில் காஸ்தா தீவா தேடுகிறவர்களுக்கு: நிலவை வேண்டிப் பாடுவது. முதலில் புல்லாங்குழல் மெட்டை வாசிக்கும், அப்புறம் குரல். பெல்லினி எழுதியது ஜி சுருதியில். 1831-ல் முதல் நார்மாவாகப் பாடிய ஜுடித்தா பாஸ்தா எஃப்-க்கு இறக்கிப் பாடினார், காலஸும் எஃப்தான். பாதியில் ஒரே சுரத்தைத் தாளம் தள்ளித் தள்ளித் தட்டியபடி ஏறி மேல் பி ஃபிளாட்டில் விரியும் இடம் வரும். ஒவ்வொரு தட்டிலும் குரல் கொஞ்சம் பெரிதாக வேண்டும், புது மூச்சு எடுத்தது தெரியக் கூடாது. மோசமான பாடகி இங்கே சுரத்தைத் தனித்தனியாக இருமுவார். காலஸ் ஒரே மூச்சில் அலை ஏறுவதுபோல ஏற்றுவார். நார்மாவைச் சுமார் 90 தடவை பாடியிருக்கிறார்.

15-01-2024

"மெக்சிகோவில் பாடிய அந்த உயர்ந்த சுரம் நம் கணக்கில் என்ன கட்டை?"

ஐடா இரண்டாம் அங்க முடிவில் பாடிய ஹை ஈ ஃபிளாட். இரண்டரை கட்டை சுரம்தான், ஸ்தாயி எது என்பதில்தான் விஷயம். ஐந்து கட்டையில் பாடும் நம் பாடகியின் மேல் ஸ்தாயி பஞ்சமம் 587 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் ஒரு முழு ஸ்தாயி ஏறி, இன்னும் அரை சுரம் ஏறினால் 1245 ஹெர்ட்ஸ். அதுதான் இந்த ஈ ஃபிளாட். கோரஸ், எக்காளம், முழு வாத்தியக் குழு எல்லாவற்றுக்கும் மேலே, மைக் இல்லாமல்.

வெர்டி இதை எழுதவில்லை. 19-ம் நூற்றாண்டு மெக்சிகோ பாடகி ஆஞ்செலா பெரால்டா பாடிய சுரலிபியில் இருந்ததைக் காலஸிடம் அங்கே காட்டினார்கள். 1950-ல் பாடியபோது கூடப் பாடிய டெனர் கொதித்துப்போனார். 1951-ல் மறுபடியும் பாடினார். இரண்டும் பதிவில் இருக்கின்றன.

உயரத்தில் சொல் ஏன் புரிவதில்லை என்பதற்கும் இங்கேயே விடை. "இ" ஒலியை "இ" ஆக்குவது வாய்க்குள் சுமார் 300 ஹெர்ட்ஸில் உள்ள ஒத்ததிர்வு. பாடும் சுருதியே 900-ஐத் தாண்டிவிட்டால் அந்த ஒத்ததிர்வுக்கு வேலை இல்லை. பாடகி வாயை அகலத் திறந்து ஒத்ததிர்வைச் சுருதிக்கு ஏற்றி வைப்பார், அப்போதுதான் குரல் அரங்கின் கடைசி வரிசை வரை போகும். விலை என்னவென்றால் எல்லா உயிரும் "ஆ" மாதிரி கேட்கும். இத்தாலியர்களுக்கும் புரியாது.

16-01-2024

ரோம் ரகளை பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். 1958 ஜனவரி 2, நார்மா, இத்தாலியக் குடியரசுத் தலைவர் கிரோங்கி அரங்கில். சளி பிடித்திருந்ததால் முதல் அங்கத்தோடு காலஸ் நிறுத்திவிட்டார், நிகழ்ச்சி ரத்து. திமிர் என்று பத்திரிகைகள் கிழித்தன.

சளியோடு பாடினால் என்ன ஆகும்? குரல்நாண்கள் வீங்கும், ஒன்றோடொன்று சரியாக மூடாது. மூட வைக்க இன்னும் அழுத்த வேண்டும், அழுத்தினால் இன்னும் வீங்கும். அரை மணி நேரத்தில் மேல் சுரம் இல்லாமலே போகும். அதற்கு மேல் கத்தினால் ரத்தம் கட்டிக்கொள்ள வாய்ப்புண்டு, பிறகு மாதக்கணக்கில் வாய் திறக்கக் கூடாது. இதனால்தான் பெரிய கொட்டகைகள் மாற்றுப் பாடகியைத் தயாராக வைத்திருக்கும். அன்று ரோமில் அந்த ஏற்பாடு இல்லை. காலஸ் பின்னர் வழக்குத் தொடுத்தார், தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

எடின்பரோ விழா 1957-ம் இதே வகைதான். ஒப்பந்தம் நான்கு நிகழ்ச்சிக்கு, நான்கையும் பாடினார். ஐந்தாவதை அவரைக் கேட்காமல் அறிவித்துவிட்டு, போனதும் ஓடிவிட்டார் என்றார்கள். அந்த ஐந்தாவதில் பாடி ஒரே இரவில் பெயர் வாங்கியவர் ரெனாட்டா ஸ்கோட்டோ.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா காலஸை நீக்கியது 1958 நவம்பர். அதன் நிர்வாகி ரூடால்ஃப் பிங் போட்ட பட்டியலில் மக்பெத்தும் திராவியாட்டாவும் மாறி மாறி வந்தன. என் குரல் ஏறி இறங்குகிற லிஃப்ட் அல்ல என்று காலஸ் மறுத்தார். 1949-ல் வாக்னருக்கும் பெல்லினிக்கும் நடுவே ஓடியவர் இப்படிச் சொல்வது முரண் என்று கிண்டல் செய்தார்கள். முரணே இல்லை. 25 வயதில் செய்தது என்ன விலை கேட்டது என்று 34-ல் தெரிந்துவிட்டது.

19-01-2024

வழக்கையும் வம்பையும் நிறைய எழுதியாயிற்று. அவர் எப்படி வேலை செய்தார் என்பதுதான் எழுத வேண்டியது.

கிட்டப்பார்வை கடுமையாக இருந்தது. கண்ணாடி இல்லாமல் நடத்துநர் ஒரு மங்கலான நிழல், கோல் தெரியாது. மேடையில் கண்ணாடி போட முடியாது. ஆகவே முழு இசையையும் எல்லா வாத்தியங்களோடும் மனப்பாடம் செய்தார். எங்கே எத்தனை அடி, எத்தனை படி என்று ஒத்திகையில் எண்ணி வைத்துக்கொள்வார். மற்றவர்கள் கோலைப் பார்த்தபடி நடிக்க, இவர் கண் எதிராளியின் மேல் இருந்தது. ரசிகர்கள் மெய்மறந்த அந்த நடிப்புக்குப் பாதிக் காரணம் இந்தப் பார்வைக் குறை.

ரெசிடடிவோ என்று ஒன்று உண்டு, பாட்டுக்கு முன் வருகிற வசனம் போன்ற பகுதி. பலர் கடகடவென்று தள்ளிவிட்டுப் பாட்டுக்கு ஓடுவார்கள். காலஸ் முறை வேறு. வரியை முதலில் பேசிப் பார்க்க வேண்டும், பாடக் கூடாது. எந்தச் சொல்லில் அழுத்தம், எங்கே வேகம் கூடுகிறது என்று பேச்சிலேயே பிடிக்க வேண்டும். பிறகு ஏட்டில் உள்ள தாளத்தோடு அதை ஒப்பிட வேண்டும். நல்ல இசையமைப்பாளன் அந்தப் பேச்சைத்தான் எழுதியிருப்பான். கடைசியில்தான் சுரம். இத்தாலியில் இரட்டை மெய் முக்கியம்: காசா என்றால் வீடு, காஸ்ஸா என்றால் பெட்டி. பலிக்கும் பல்லிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த தமிழ்க்காதுக்கு இதைக் கேட்பது சுலபம். காலஸின் இரட்டை மெய்களை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள், வசனத்துக்கு முதுகெலும்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

பிருகாவிலும் அதே நேர்மை. ஓடுகிற சுரங்களில் ஒன்றைக்கூட வழுக்கிவிடமாட்டார். அவருக்கு முந்தைய தலைமுறையில் லூச்சியா மாதிரிப் பாத்திரங்களை மெல்லிய பறவைக் குரல்காரர்கள் அழகுக்காகப் பாடினார்கள். அந்தச் சுரங்கள் ஒரு பெண் சித்தம் கலங்குவதன் சத்தம் என்று காட்டியவர் காலஸ். கனத்த குரலில் பிருகா வந்ததும் பொருள் மாறிவிட்டது. 1952 நவம்பரில் லண்டனில் அவர் நார்மா பாடியபோது தோழி குளோடில்டாவாகச் சின்ன வேஷத்தில் நின்றவர் ஜோன் சதர்லேண்ட். அதே இசையைப் பின்னால் உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்.

20-01-2024

"குரலே அழகில்லையே" என்று எழுதியவருக்கு.

அழகான குரல் வேண்டுமானால் ரெனாட்டா தெபால்டி இருக்கிறார். காலஸ் குரலில் மூன்று அறைகள், நடுவே சுவர் தெரியும். கீழே இருண்டது, நடுவில் புட்டிக்குள்ளிருந்து வருவது போன்ற அடைப்பு, மேலே உலோகக் கூர்மை. 1848-ல் வெர்டி ஒரு கடிதம் எழுதினார். மக்பெத் சீமாட்டி வேஷத்துக்கு ததோலினி என்ற பாடகியைப் போட்டிருக்கிறார்கள். அவர் குரல் மிக அழகு, அதனால் வேண்டாம் என்றார். கரடுமுரடான, அடைபட்ட, இருண்ட குரல் கேட்டார். 1952 டிசம்பர் 7, லா ஸ்காலா சீசன் தொடக்கம், மக்பெத், காலஸ். பதிவு சுமார்தான், தூக்கத்தில் நடக்கும் காட்சியைக் கேளுங்கள்.

இன்னொரு இடம். திராவியாட்டாவில் காசநோயில் சாகப்போகும் வியோலெட்டா கடந்த காலத்துக்கு விடைகொடுக்கும் பாட்டு, கடைசிச் சுரம் மேல் ஏ. வெர்டி அங்கே எழுதியிருப்பது "குரலின் ஒரு நூல்". 1958 லண்டன் பதிவில் அந்தச் சுரம் அறுந்துவிடும் போல இழையாக நிற்கும். உரக்கப் பிடித்திருந்தால் பத்திரமாக இருந்திருக்கும். தேய்ந்துகொண்டிருந்த குரலை வைத்துக்கொண்டு அந்த ஆபத்தை அவர் எடுத்தார். அந்த நூலுக்காக மற்றப் பாடகிகளின் நூறு முழுச் சுரத்தைக் கொடுக்கலாம்.

24-01-2024

நோய்க் காரணம் சொல்கிறார்களே என்று கேள்வி. 2010-ல் ஃபுஸ்ஸி, பாவோலில்லோ என்ற இரு இத்தாலிய மருத்துவர்கள் பதிவுகளை ஆராய்ந்து டெர்மடோமயோசைட்டிஸ் என்றார்கள். தசையும் தோலும் தளரும் நோய். 1975-ல் இந்த நோயைத் தான் கண்டதாக ஒரு மருத்துவர் 2002-ல் சொல்லியிருந்தார். மூச்சுத் தசை தளர்ந்தால் ஆட்டம் வரும், அது சரிதான். 1970-களுக்குப் பொருந்துகிறது. 1954 ஆகஸ்ட் ஆட்டத்துக்கும் இதையே காரணமாக்க என் மனம் ஒப்பவில்லை. 1954-க்கு வேலைப்பளுவும் எடையும் போதும்.

27-01-2024

கடைசி வருஷங்கள், சுருக்கமாக. 1965 மே, பாரிஸில் நார்மா. கடைசி நாள் இறுதிக் காட்சி பாட முடியவில்லை. ஜூலையில் லண்டனில் நான்கு டோஸ்கா ஒப்புக்கொண்டு ஒன்று மட்டும் பாடினார். வயது 41. 1971-72-ல் நியூயார்க் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் 25 இளம் பாடகர்களுக்கு மேடையிலேயே வகுப்பு எடுத்தார். அந்த ஒலிப்பதிவு கிடைத்தால் விடாதீர்கள், மாணவருக்குப் பாடிக் காட்டுகிற துண்டுகளில் பழைய காலஸ் எட்டிப் பார்ப்பார். 1973-74 டெனர் தி ஸ்டெஃபானோவோடு ஊர் ஊராகக் கச்சேரி, கடைசி சப்போரோ. அவற்றைக் கேட்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். 1977 செப்டம்பர் 16, பாரிஸில் மாரடைப்பு, 53 வயது.

கேட்க வேண்டாம் என்றால் பார்க்க ஒன்று சொல்ல வேண்டும் அல்லவா. 1964 பிப்ரவரி, லண்டன், டோஸ்கா இரண்டாம் அங்கம், டிட்டோ கோபியோடு. படம் இருக்கிறது. போலீஸ் தலைவன் ஸ்கார்பியா உத்தரவு எழுதிக்கொண்டிருக்கிறான். டோஸ்கா மேசைக்குப் போய் மது எடுக்கிறாள், கண் கத்தியில் விழுகிறது. ஒரு வார்த்தை பாட்டு இல்லை, வயலின்கள் மட்டும். கை கோப்பையில், பார்வை கத்தியில், உடம்பு அசையவில்லை. முடிவெடுத்தது கழுத்தில் தெரியும்.

28-01-2024

12-ம் தேதிக் குறிப்போடு சேர்த்துப் படிக்க, இரண்டு எச்சரிக்கை. நான் சொன்ன ஜோடிகளில் முந்தையது மோனோ, பிந்தையது ஸ்டீரியோ. சத்தம் கூடியிருப்பது காதுக்கு நல்லதாகவே படும். நடு ஸ்தாயி வரி ஒன்றை வைத்து இரண்டின் ஒலி அளவையும் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். அடுத்தது, மேடையில் திருட்டுத்தனமாக எடுத்த நாடாக்கள் பல வேகம் பிசகியவை. அரை சுரம் ஏறியிருந்தால் வேகம் ஆறு சதவீதம் கூடியிருக்கிறது என்று பொருள். ஆட்டமும் அந்த அளவு வேகமாகக் கேட்கும், குரல் இளமையாகத் தெரியும். எண்ணுவதற்கு முன் சுருதியைக் கைப்பேசிச் செயலியில் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.